ஹட்டன் முதல் ஹோர்ட்டன் சமவெளி வரை

இந்தப் பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாட்கள் ஒதுக்குங்கள். விடியற்காலையில் கொழும்பில் வான் ஏறி, நுவரெலியா ஏரியில் படகு விட்டு, வீதியோரத்தில் ஸ்ட்ரோபெரி வாங்கித் தின்று, ஏதோவொரு பெக்டரியில் தேத்தண்ணி குடித்து, மறுநாள் இரவே வீடு திரும்பும் சுற்றுலாதான் இப்போது வழக்கத்தில் இருக்கிறது. அப்படி வருபவர்கள் குளிரை அனுபவித்துவிட்டுப் போகிறார்கள். மலையகம் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. என்னைக் கேட்டால் ஹட்டனில் இறங்கி, தோட்டங்கள் வழியே பஸ்ஸிலும் கால்நடையாகவும் மெல்ல மேலேறி, நுவரெலியாவில் ஒரு நாள் ஆறி, கடைசி நாள் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவதே முறை. சுமார் 1,270 மீற்றரில் தொடங்கி 2,100 மீற்றருக்கு மேல் போய் முடியும் இந்த ஏற்றத்தில் தேயிலை, மரக்கறித் தோட்டம், மலைக்காடு, திறந்த புல்வெளி என்று நிலம் படிப்படியாக மாறிக்கொண்டே வரும்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் வாழ்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். கென்யாவிலோ அசாமிலோ தேயிலைத் தோட்டம் பார்க்கப் போனால், கொழுந்து பறிப்பவரோடு இரண்டு வார்த்தை பேச உங்களுக்கு இடையில் ஓர் ஆள் வேண்டும். இங்கே நேராகவே பேசலாம். வெள்ளைக்காரப் பயணிக்குக் கிடைக்காத இந்த வாய்ப்பை, வருகிற தமிழரில் பெரும்பாலோர் பயன்படுத்தாமலே போகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதும் அதுதான்.

எப்போது போவது

ஏறும் ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். கொழும்பில் 28 பாகை காயும்போது 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16 பாகை இருப்பது அதனால்தான். ஹோர்ட்டன் சமவெளியில் ஆண்டுச் சராசரியே 13 பாகை அளவில்தான் நிற்கும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் புல்லில் உறைபனி விழுவதும் உண்டு. சாதாரண விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது. அறை எடுக்கும்போதே சுடுதண்ணி வருமா, இரண்டாவது கம்பளி தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் வந்தால் இதை மறக்கவே கூடாது.

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஓயாமல் கொட்டும். ஹட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளை, இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அந்த மாதங்களில் வந்தால் தேயிலைச் செடிகளுக்கிடையே அட்டைக் கடிக்குத் தயாராக வரவேண்டும். நீளக் காலுறை போட்டு, கெண்டைக்காலில் சவர்க்காரத்தைத் தண்ணீர் விடாமல் தேய்த்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பின்னேரங்களில் இடியோடு மழை வரும். மண்சரிவு அபாயமும் கூடும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பார்க்காமல் இந்தக் காலத்தில் மலையேறாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகம் பட்ட பாட்டை நேரில் கண்டவர்கள் யாரும் இந்த எச்சரிக்கைகளை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் முடியும் வரைதான் நல்ல காலம். வானம் தெளிந்திருக்கும், காற்று காய்ந்திருக்கும். அந்தக் காய்ந்த காற்றில் கொழுந்து மெல்ல வளர்வதால், டிம்புள்ள, நுவரெலியா வட்டாரங்களின் தேயிலைக்கு ஆண்டிலேயே சிறந்த மணம் வருவதும் இந்த மாதங்களில்தான். ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கார் ஓட்டம் என்று ஊரே திருவிழாக் கோலம் பூணும். அறை வாடகை பல மடங்கு ஏறும். கண்டி வீதியில் வாகனங்கள் மணிக்கணக்கில் நிற்கும். கூட்டத்தை விரும்பினால் அப்போது போங்கள்; மலையை விரும்பினால் வேண்டாம்.

ஏறும் வழி

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை போகும் ரயில்தான் இந்தப் பயணத்துக்கு உரிய வாகனம். பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே என்ற பெயர்களில் ஓடும் ரயில்களில் முன்பதிவு இருக்கைகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் தோட்டத்துச் சனங்களோடு நின்றுகொண்டு போவதையும் நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்; அங்கே கேட்கும் கதைகளுக்கு விலையில்லை. டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் பெரும் சேதம் கண்டது. ஆகவே ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று புறப்படும் முன் ஸ்டேஷனில் விசாரியுங்கள். ரயில் இல்லாவிட்டால் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குப் பஸ் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருபவர்கள் கண்டிக்கு வந்து மாறுவது சுலபம்.

இந்த ரயில் பாதை 1884-இல் ஹட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டியது. பதுளையை அடைய 1924 வரை பிடித்தது. முதலில் கோப்பியையும் பிறகு தேயிலைப் பெட்டிகளையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை இது. மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்கின் விளிம்பைப் பிடித்தும் இதைப் போட்ட உழைப்பிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள் இருந்தார்கள். ஹட்டனைத் தாண்டியதும் வரும் சிங்கமலைச் சுரங்கம் நாட்டிலேயே நீளமான ரயில் சுரங்கம். அதைக் கடந்து கொட்டகலை, தலவாக்கலை என்று போகும்போது சென் கிளயர் அருவி தெரியும். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012-இல் இயங்கத் தொடங்கிய பின் அருவியின் தண்ணீர் பெரும்பகுதி சுரங்கத்தில் திருப்பப்படுகிறது. பகல் வேளையில் ஒரு பங்கை அருவிக்கென விடுகிறார்கள். பழைய படங்களில் இருக்கும் அருவியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதற்குச் சற்று முன்னே, பத்தனைப் பக்கம் விழும் டெவன் அருவி இன்னும் தன் போக்கில் விழுகிறது.

ஹட்டன்

ஹட்டனில் இரண்டு இரவு தங்குங்கள். பார்க்க ஒன்றுமில்லாத கடைத்தெரு என்று பலர் தாண்டிப் போகும் ஊர் இது. சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே நின்று பாருங்கள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். துணிக்கடை, நகைக்கடை, அடகுக்கடை, சைவக்கடை எல்லாம் நிரம்பி வழியும். காலையில் சூடான ரொட்டியும் இடித்த சம்பலும் வாங்கி, பிளேன்டியில் தொட்டுக்கொள்ளாமல் தனியே ருசித்துச் சாப்பிடுங்கள். தோட்டத்து வீடுகளில் நாள் தொடங்குவது இந்த உணவோடுதான்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை பஸ் ஓடும். வழியில் காசல்ரீ, மவுசாக்கலை என்று இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள். மவுசாக்கலை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கடியில் போனது. வறட்சியில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது அந்த ஊரின் பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் மேலே தெரியும். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறலாம். உயரம் 2,243 மீற்றர். படிகள் 5,000-க்கு மேல். டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை பருவகாலம். அப்போது வழியெல்லாம் விளக்கும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும். மற்ற மாதங்களில் மலை இருளிலும் மழையிலும் கிடக்கும். அனுபவமில்லாதவர்கள் ஏற நினைக்க வேண்டாம். பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் நால்வரும் தமக்குரியதாகக் கொள்ளும் மலை என்பதால், மேலே யாருடைய நம்பிக்கையையும் பற்றி விவாதம் எழுப்பாதீர்கள்.

தோட்டத்துக்குள் போகும் முறை

வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி, பறித்துக்கொண்டிருக்கும் பெண்களை அழைத்து நடுவில் நின்று படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. செய்யாதீர்கள். முதலாவது, செடிகளுக்கிடையில் தாறுமாறாக நடந்தால் மண் சரியும், கொப்பு முறியும். இரண்டாவது, நீங்கள் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பெண்ணின் கணக்கில் குறையும்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் தோட்டம் புரியும். தேயிலை நட்ட ஒவ்வொரு பரப்பையும் இங்கே மலை என்பார்கள். ஒவ்வொரு மலைக்கும் இலக்கம் உண்டு. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் இன்றைக்கு யார் யார் எந்த மலை என்று பிரித்து அனுப்புவார்கள். பெண்கள் வரிசை பிடித்து ஏறுவார்கள். செடியின் தலைமேல் ஒரு நீளக் கம்பைக் கிடத்தி, அந்த மட்டத்துக்கு மேலே எழும்பிய கொழுந்தை மட்டும் கிள்ளவேண்டும்: இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. இரண்டு கையும் ஒரே வேகத்தில் போகும்; கை நிறைந்ததும் தலைக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் எறிவார்கள். கூடைக்குப் பதில் இப்போது பல தோட்டங்களில் நைலோன் சாக்கு. நெற்றியில் பதியும் கயிற்றில்தான் முழுப் பாரமும் தொங்கும். நாளுக்கு இத்தனை கிலோ என்ற அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பெரும்பாலும் 16 முதல் 20 கிலோ வரை. அந்த அளவு வந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தைக் கொஞ்சம் ஒதுங்கி நின்று பாருங்கள். பகலில் இரண்டு மூன்று முறை நிறுவை நடக்கும். சாக்கைத் தராசில் மாட்டியதும் ஒவ்வொருத்தியின் கண்ணும் முள்ளில்தான் இருக்கும். இலையில் ஒட்டிய ஈரத்துக்கென்றும் சாக்கின் எடைக்கென்றும் ஒன்றிரண்டு கிலோ கழித்துத்தான் புத்தகத்தில் ஏறும். மழைநாளில் இந்தக் கழிவு கூடும். அதைப் பற்றிய முணுமுணுப்பும் வாக்குவாதமும் மலையகத்தில் தலைமுறைகளாகக் கேட்பவை. 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021-இல்தான் வர்த்தமானியில் ஏறியது. 2024-இல் 1,350 ரூபாயானது. நீங்கள் குடிக்கும் ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

பேச விரும்பினால் பின்னேர நிறுவை முடிந்து அவர்கள் லயம் என்னும் வரிசைக் குடியிருப்புக்குத் திரும்பும் நேரத்திலோ, ஞாயிற்றுக்கிழமையிலோ போங்கள். வயதுக்கேற்ப அம்மா, அக்கா, அண்ணே, ஐயா என்று கூப்பிடுங்கள். முதல் கேள்வியை அவர்களே கேட்பார்கள்: "நீங்க எந்த ஊரு?" தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் வயதானவர்கள் முகம் மலர்ந்து, "எங்க தாத்தா துறையூருப் பக்கம்னு சொல்லுவாங்க" என்றோ, "நாமக்கல் பக்கம்" என்றோ தொடங்குவார்கள். வடக்கு, கிழக்கிலிருந்து போகும் தமிழருக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த மக்களைக் குறிக்க நம் வீடுகளில் இழிவாகப் புழங்கிய பெயர்களை இங்கே வாய்தவறியும் உச்சரிக்காதீர்கள். மலையகத் தமிழர் என்பதே அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர்.

லயத்துக்குள் அழைத்தால் மட்டும் போங்கள். நீளமான ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறையும் ஒரு சிறு திண்ணையுமே பல குடும்பங்களுக்கு வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை இன்னும் குடியிருப்பில் இருக்கின்றன. அவற்றை வேடிக்கைப் பொருளாகப் படமெடுப்பது அநியாயம். தேத்தண்ணி தந்தால் மறுக்காமல் குடியுங்கள். பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கவேண்டாம். கொடுக்க விரும்பினால் தோட்டப் பாடசாலை அதிபரிடம் பேசி, பாடசாலைக்குத் தேவையான புத்தகமோ கொப்பியோ வாங்கிக் கொடுங்கள். மாசி மாதம் வந்தால் காமன் கூத்து நடக்கும் தோட்டம் எது என்று விசாரியுங்கள். இரவு முழுக்கத் தப்பு அடித்து ஆடும் அந்தக் கூத்தை மக்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள்.

இலையே இல்லாமல் கட்டை கட்டையாக நிற்கும் மலையைக் கண்டு தோட்டம் பட்டுப்போனது என்று எண்ணவேண்டாம். அது கவ்வாத்து வெட்டிய மலை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைத் தறித்துவிட்டால்தான் மறுபடி துளிர்க்கும். அந்த வேலை ஆண்களுடையது.

பெக்டரி பார்க்க நுவரெலியா வீதியில் பல இடங்கள் உண்டு. தோட்டத்து ஆட்கள் அதை இஸ்டோர் என்பார்கள். காலையில் போங்கள், கொழுந்து வாடும் தொட்டிகளில் இரவெல்லாம் காற்று வாங்கிய இலை அப்போதுதான் அரைக்கப் போகும். உருளையில் நசுங்கிய பச்சை இலை செம்பு நிறமாக மாறும் இடத்தில் எழும் வாசனைக்காகவே இந்தப் படியேறலாம். பிறகு உலர்த்தி, சலித்து, பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., பெக்கோ, டஸ்ட் என்று தரம் பிரிப்பார்கள். வாங்குவதானால் பளபளப்பான பெட்டியை விட்டுவிட்டு, அதே பெக்டரியில் அந்த மாதம் அரைத்த பி.ஓ.பி.எப். கேளுங்கள், பால் விடாமல் குடியுங்கள்.

வரலாறு கொஞ்சம்

இந்த மலைகளில் முதலில் வந்தது கோப்பி. 1820-களிலிருந்து தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி, படகில் மன்னார்க் கரையில் இறக்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடத்திக் கொண்டுவந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். 1869-இல் இலைத் துரு நோய் கோப்பியில் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிர் ஏறக்குறைய ஒழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

சுதந்திரம் கிடைத்த 1948-இலேயே குடியுரிமைச் சட்டத்தால் இந்த மக்களில் மிகப்பெரும்பாலோர் நாடற்றவர் ஆக்கப்பட்டார்கள். 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஊட்டி, கூடலூர், கோத்தகிரி பக்கத்து வாசகர்கள் இதை அறிவார்கள். அங்கே தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் இந்த லயங்களிலிருந்து போனவர்கள்தான். எஞ்சியிருந்தோருக்கு முழுமையாகக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. இதையெல்லாம் பொருட்களாகப் பார்க்க ஓர் இடம் உண்டு. கம்பளையிலிருந்து நுவரெலியா போகும் பக்கம், ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லய அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கண்டி வழியாக வருபவர்கள் முன்கூட்டியே பேசி, நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். இந்தப் பகுதியில் ஓர் அருங்காட்சியகம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதையே சொல்வேன்.

நுவரெலியா

நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியாவுக்கு எட்டுக் கிலோமீற்றர். பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. பழைய தபாலகத்தின் செங்கற் கட்டடம், கோல்ப் மைதானம், 1873-இல் தேசாதிபதி கிரகரி காலத்தில் உருவான ஏரி எல்லாவற்றையும் ஒரு நாளில் நடந்தே பார்த்துவிடலாம். ஆங்கிலேயருக்குக் காய்ச்சலிலிருந்து தப்பும் இடமாக இருந்த ஊர் இது. சாமுவேல் பேக்கர் என்ற வேட்டைக்காரர் 1848-இல் இங்கே வந்து குடியேறிப் பண்ணை வைத்தார். இன்று சுற்றுப்புறம் முழுவதும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகள். சந்தையில் லீக்ஸ் வாங்கி விடுதிக்காரரிடம் கொடுத்தால் தேங்காய்ப் பாலில் வெள்ளைக் கறி வைத்துத் தருவார், கேட்டுப் பாருங்கள். ஐந்து கிலோமீற்றர் தள்ளி சீதா எலியவில் ஓடையோரத்தில் சீதையம்மன் கோயில். 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்ததிலிருந்து இந்தியப் பயணிகள் கூட்டம் பெருகியிருக்கிறது. அதற்கு அப்பால் ஹக்கல பூங்கா, 1861-இல் கொயினா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். பூக்களைவிட அதன் மேற்புறத்தில் விட்டுவைத்திருக்கும் இயற்கைக் காட்டையும் பாசி படர்ந்த மரங்களையும் பாருங்கள். மறுநாள் போகப்போகும் காட்டின் முன்னோட்டம் அது.

ஹோர்ட்டன் சமவெளி

காலை ஐந்து மணிக்குள் நுவரெலியாவை விட்டுவிடவேண்டும். பாதை சுமார் 32 கிலோமீற்றர். பஸ் கிடையாது, வான் அல்லது ஆட்டோ பேசிக்கொள்ளவேண்டும். அம்பேவல பால்பண்ணைகளைக் கடந்து பட்டிபொல வாயிலுக்கு ஆறு மணிக்குப் போய்ச் சேருங்கள். இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து முகில் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். எட்டரை மணிக்குள் அங்கே நிற்பவர்களுக்கே பள்ளம் தெரியும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூராரைவிடப் பல மடங்கு. இலங்கையர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். பிஸ்கட் பொலித்தீன், லஞ்ச் ஷீட், சொப்பிங் பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தின்பண்டத்தைக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மெல்லிய லேபலைக்கூட உரித்துக்கொள்வார்கள். எரிச்சல்படாதீர்கள். வண்டித் தரிப்பிடத்தில் ஆளுக்குப் பயப்படாமல் நிற்கும் மரை, தமிழ்நாட்டில் கடமான் என்பது, மனிதர் எறிந்த பொலித்தீனைத் தின்று வயிறு அடைத்துச் சாவதைத் தடுக்கத்தான் அந்தச் சோதனை. அதற்குச் சோறோ பழமோ நீட்டுவதும் அதே பாவம். விடுதியிலேயே வாழையிலையில் கட்டிச்சோறு கட்டிக்கொண்டு போனால் வாயிலில் ஒரு நிமிடமும் வீணாகாது.

1830-களில் தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர் பெற்ற இந்த மேட்டுநிலம் 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில் விரிகிறது. 1873-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விட்டதால்தான் தேயிலை இங்கே ஏறவில்லை. இடையில் விதை உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தார்கள், பிறகு கைவிட்டார்கள். 1988-இல் தேசிய பூங்காவானது. 2010-இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. இரவெல்லாம் முகிலிலிருந்து பாசியும் இலையும் வடித்தெடுக்கும் ஈரம், புல்லின் கீழுள்ள கறுப்பு மண்ணில் ஊறி மெல்லக் கசிகிறது. கொத்மலையில் மின்சாரமாவதும், வறண்ட வலயத்தில் நெல்லாவதும் இந்தத் தண்ணீர்தான். பாதையை விட்டு இறங்கி அந்த மண்ணை மிதிக்கவேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

பழைய பார் இன் விடுதியருகே தொடங்கும் சுற்றுப் பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். ஆறுதலாக நடந்தால் மூன்று, நான்கு மணிநேரம். பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவுப் பக்கம் முதலில் திரும்புங்கள். பேக்கர் அருவியைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். வெயில் சுடாவிட்டாலும் இந்த உயரத்தில் தோல் கருகும், தொப்பி அவசியம். காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டே உதவும். சறுக்காத அடியுள்ள சப்பாத்து போடுங்கள். இறப்பர் செருப்போடு வந்து அருவி இறக்கத்தில் தவிப்பவர்களை அடிக்கடி காணலாம். மூச்சு வாங்கினால் பயப்பட ஒன்றுமில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும்.

புல்வெளியில் கண்ணை ஓடவிட்டபடி நடங்கள். ஓடையோரம் குட்டை மூங்கில். மேட்டில் தனித்தனியே நிற்கும், செக்கச்செவேலென்று பூக்கும் ரொடொடென்ட்ரன் மரங்கள். காட்டுக்குள் நுழைந்ததும் மரங்களெல்லாம் காற்றுக்குக் குனிந்து, தலை தட்டையாக, உடம்பு முழுக்கப் பாசியும் காளானும் சுமந்து நிற்கும். கிளைகளைப் பொறுமையாக உற்றுப் பாருங்கள். மூக்கின் நுனியில் சிறு வெள்ளைக் கொம்போடு ஓர் ஓணான் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. அழிந்துபோனதாகக் கருதப்பட்டு, 2009-இல் முதன்முதலாகப் படம்பிடிக்கப்பட்ட தேவாங்கு வகை ஒன்றும் இங்கே இருக்கிறது. இரவில் மட்டும் திரிவதால் நமக்குக் கிடைக்காது.

சின்ன உலக முடிவைக் கடந்து, உலக முடிவில் தரை திடீரென முடிகிறது. கீழே ஏறக்குறைய 870 மீற்றர். எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. படம் எடுக்கப் பின்னோக்கி நடந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தெளிந்த காலையில் தெற்கே உடவளவை நீர்த்தேக்கம் மின்னும். அதற்கும் அப்பால் கடற்கரைக் கோடு. நேர் கீழே பார்த்தால் நொன்பாரெய்ல் தேயிலைத் தோட்டத்தின் கூரைகள் தெரியும். ஹட்டனில் நீங்கள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த லயத்தைப் போன்ற வரிசைகள்தான் அவையும். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் பாதையையும் மேலிருந்து கண்டுபிடிக்கப் பாருங்கள்.

திரும்பும் வழியில் பேக்கர் அருவி. பெலிஹுல் ஓயா இருபது மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. தண்ணீரில் இறங்கத் தடை உண்டு, பாறையும் வழுக்கும். அங்கிருந்து தொடக்க இடத்துக்கு வெட்டவெளியில் நடக்கவேண்டியிருப்பதால் ஒரு போத்தல் தண்ணீரை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கீழே இறங்க வந்த வழியே போகத் தேவையில்லை. ஒஹிய வாயில் பக்கமாக ஒஹிய ரயில் நிலையத்துக்குப் பதினொரு கிலோமீற்றர் இறக்கம். காலில் வலுவிருந்தால் நடக்கலாம், காடும் தேயிலையும் மாறி மாறி வரும். ஒஹியவில் கடைகள் குறைவு, தங்குமிடமும் குறைவு. ரயில் நேரத்தை முதல் நாளே நானுஓயாவில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ரயில் ஓடாத நாளென்றால் காலையில் கூட்டிவந்த வானையே காத்திருக்கச் சொல்லி, பொரலந்தைப் பக்கமாக ஹப்புத்தளைக்கு இறங்குங்கள். அதற்கான கூலியை நுவரெலியாவிலேயே பேசி முடித்துவிடவேண்டும். மேலே வந்தபின் பேரம் பேச வேறு வண்டி இருக்காது.